பெட்டி என்ன சொல்லுது?

போர்ட் பிளேரில் ஜனவரி மாதம் சாயங்காலம் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஊர் இருப்பது பர்மாவுக்குக் கீழே, கடிகாரம் ஓடுவது டெல்லிக் கணக்கில். அதனால் அங்கே நைட் ஷிப்ட் ரொம்ப நீளமாகத் தெரியும். 2005 ஜனவரி 26 இரவு அப்படித்தான் தனியாக உட்கார்ந்திருந்தேன். காலையில் கொடியேற்றத்தில் கொடுத்த லட்டு மேசையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. சுனாமி வந்து சரியாக ஒரு மாதம்.

புவி இயற்பியல் படித்து வேலைக்குச் சேர்ந்து எனக்கு அப்போது மூன்றாவது வருடம். டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு பின்னதிர்வுகளைப் பதிவு செய்ய அந்தமானில் தற்காலிக நிலையங்கள் போட்டார்கள். அதில் ஒரு குழுவோடு என்னையும் சென்னையிலிருந்து கப்பல் ஏற்றிவிட்டார்கள். ஆராய்ச்சி என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் பாதி நாள் கொத்தனார் வேலைதான். குழி தோண்டி, சிமெண்ட் தளம் போட்டு, அதன்மேல் கண்ணாடித் துண்டு வைத்து, சென்சாரை இறக்கி, குமிழி நடுவில் நிற்கும்வரை திருகைத் திருப்பி, வடக்கு பார்த்து நிறுத்தி, தெர்மகோல் பெட்டியால் மூட வேண்டும். அப்புறம் 12 வோல்ட் பாட்டரி, சோலார் பலகை, நேரம் பார்க்க ஜிபிஎஸ் ஆன்டெனா. உப்புக்காற்றில் பாட்டரி டெர்மினல் பச்சை பூத்துவிடும். அதற்கு வாஸ்லின் தடவுவோம். மெயின்லேண்டிலிருந்து யாராவது வந்தால் நாங்கள் கேட்டது ஊறுகாயும் வாஸ்லினும்தான்.

தளத்து அறையில் பழைய டிரம் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. உருளையில் சுற்றிய தாள், அதன்மேல் பேனா. கணினித் திரையில் எல்லாம் தெரியும், இருந்தாலும் டிரம்மைப் பார்ப்பது ஒரு பழக்கம். அந்தமானின் கீழே இந்தியப் புவித்தட்டு பர்மா தட்டுக்கு அடியில் சரிவாக நுழைகிறது. அந்த விளிம்பில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத்தான் டிசம்பரில் பிளந்தது. ஆகவே பின்னதிர்வுகள் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். முதலில் வேகமான பி அலை, பின்னால் மெதுவான எஸ் அலை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஒன்றுக்கு பத்து விநாடி, அடுத்ததற்கு முப்பது, அதற்கடுத்ததற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல். இப்படிக் கலைந்துதான் வரும், வரவேண்டும்.

அன்றிரவு வந்தவை கலையவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐம்பது விநாடிக்குச் சற்றுக் குறைந்த அதே இடைவெளி. முதல் மூன்று வரும்வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாலாவதில் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஐந்தாவதில் கருவிதான் கோளாறோ என்று பக்கத்துத் தீவு நிலையத்தின் பதிவைத் தேடினேன். 27 விடியும்போது டிரம் தாளில் வெள்ளை தெரியவில்லை, ஒரு கோட்டின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த கோடு அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது. முதல் மழைக்கு ஈசல் புறப்படுமே, அப்படி ஒரே பொந்திலிருந்து.

இடம் தெற்கே, கிரேட் நிக்கோபாருக்கு வடக்கே அந்தமான் கடலுக்கு அடியில், எங்களிடமிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். அடுத்த நாலைந்து நாளில் ரிக்டர் 5-க்கு மேலே மட்டும் 150-ஐத் தாண்டியது. உலகத்தில் கருவிகள் பதிவு செய்த நிலநடுக்கத் திரள்களிலேயே அதிக ஆற்றல் வெளிவிட்டது இதுதான் என்று பிறகு எழுதினார்கள். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு அசைவுகூடத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. காகிதம் கிழிய ஆடுகிறது, தண்ணீர் டம்ளர் அசையாமல் இருக்கிறது.

தலைமை அலுவலகத்துக்கு தினமும் ஒரு படிவம் ஃபேக்ஸில் போக வேண்டும். அதில் ‘மெயின் ஷாக்’ என்று ஒரு கட்டம். சாதாரண நிலநடுக்கத்தில் பிரச்சினை இல்லை: பெரியது ஒன்று, அதன் பிள்ளைகுட்டிகள் பின்னால். அந்தப் பிள்ளைகுட்டிகள் நாள் போகப்போகக் கணக்காகக் குறையும், ஜப்பானியர் ஓமோரி 1894-லேயே அதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். டிசம்பர் 26-இன் பின்னதிர்வுகளும் ஏறக்குறைய அந்தச் சூத்திரத்துக்கு அடங்கிக் குறைந்துகொண்டுதான் இருந்தன. திரளுக்கு, அதாவது ஸ்வார்முக்கு, அப்படித் தலைவன் கிடையாது. ஏறக்குறைய ஒரே உயரத்தில் பத்துப் பேர், நடுவில் ஒருவன் இரண்டு அங்குலம் கூடுதல், அவ்வளவுதான். நான் கட்டத்தைக் காலியாக விட்டேன். போன் வந்தது.

“மெயின் ஷாக் எது?”

“அப்படி ஒண்ணு இல்ல சார். ஸ்வார்ம் மாதிரி இருக்கு.”

“மாதிரின்னா? கட்டத்தை நிரப்புங்க.”

இருந்ததில் பெரியதை எழுதி அனுப்பினேன். மறுநாள் அதைவிடப் பெரியது வந்தது, அடித்துத் திருத்தினேன். மூன்றாவது முறை திருத்தியபோது அந்தப் பக்கத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஜங்கிலிகாட்டில் ஒரு தமிழ் மெஸ்ஸில் எங்களுக்குச் சாப்பாடு. நடத்தியவர் ஒரு அக்கா. சுனாமிக்குப் பிறகு அங்கே சமையலுக்கு உதவியாகச் சேர்ந்திருந்தார் ஒரு பெரியவர். கச்சால்காரர். இலங்கை மலையகத்தில் பிறந்து, சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திரும்பியவர்களில் ஒருவர். அப்படி வந்த குடும்பங்களில் சிலவற்றை நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அந்தத் தீவில் டிசம்பர் 26 அன்று ஆயிரக்கணக்கில் போய்விட்டார்கள். அவர் வீட்டில் யார் போனார்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மெஸ்ஸுக்குள் அறை இருந்தும் முற்றத்தில் வாழைக்குப் பக்கத்தில் பாய் போட்டுத்தான் படுப்பார். சோறு போடும்போது ஒரே கேள்வி:

“தம்பி, பெட்டி என்ன சொல்லுது?”

திரள் ஓடிய வாரத்தில் செய்தி எப்படியோ பரவியிருந்தது. கிரேட் நிக்கோபாரில் கேம்ப்பெல் பே பக்கம் விடாமல் ஆடுகிறதாம், தீவே இறங்குகிறதாம் என்று பேச்சு. தீவு இறங்குவது வெறும் வதந்தியுமில்லை. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் நிற்பதையும், போர்ட் பிளேருக்குப் பக்கத்திலேயே சிப்பிகாட்டின் வயல்களில் கடல் தேங்கியிருப்பதையும் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். மெஸ்ஸில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அப்போது சொன்னது இதுதான்:

“பயப்படாதீங்க பெரியவரே. சின்னச் சின்னதா வர்றது நல்லதுதான். குக்கர்ல விசில் போற மாதிரி அழுத்தம் வெளிய போயிடும். பெருசா வராது.”

எல்லோருக்கும் உடனே புரிந்தது. அக்கா சிரித்தார். அன்று ராத்திரியே பெரியவர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். நான் ரொம்ப நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

கணக்கு எனக்குத் தெரியாமலா இருந்தது? ரிக்டரில் ஒரு படி ஏறினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு படிக்கு ஆயிரம் மடங்கு. ஐந்தாக 150-ஐச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு ஆறரைதான் தேறும். டிசம்பர் 26-இன் 9.1-ஐ ஐந்து ஐந்தாகச் சில்லறை மாற்ற வேண்டுமானால் பதினான்கு லட்சம் வேண்டும். அழுத்தம் விசிலில் தீர்ந்துபோகிற அளவு சமாச்சாரமே இல்லை இது. பரீட்சையில் கேட்டிருந்தால் இதை அழகாக எழுதியிருப்பேன். சோற்றுத் தட்டுக்கு முன்னால் வேறு வாய் பேசியது.

திரள் ஏன் அங்கே வந்தது என்பதற்கு ஓரளவு விளக்கம் உண்டு. தட்டு நேராக மோதாமல் சாய்வாக நகர்வதால், பக்கவாட்டு இழுப்பைத் தீவுகளுக்குக் கிழக்கே கடலடியில் உள்ள பிளவுகள் வாங்கிக்கொள்கின்றன. அங்கே கடல்தரையே மெல்ல விரிந்துகொண்டும் இருக்கிறது. டிசம்பரில் முன்பக்கம் சரிந்ததும் பின்பக்கத்தில் பாரம் மாறி விழுந்தது. கீழேயிருந்து சூடான திரவமோ உருகிய பாறையோ பிளவுக்குள் ஏறினால் இப்படி விட்டுவிட்டு நாள்கணக்கில் உடையும். மே மாதக் கடைசியில் பாரன் தீவு எரிமலை புகைய ஆரம்பித்ததும் மெஸ்ஸில் “நாங்க சொன்னோம்ல” என்றார்கள். இரண்டுக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த எரிமலை 1991-லும் 1994-லும்கூடக் கக்கியதுதான். ஆனால் மனுஷ மனசுக்கு ஒரே கதை வேண்டும், ஐந்து கதை வேண்டாம்.

இதற்கு நடுவில் மார்ச் 28. திங்கட்கிழமை, இரவு 9.40 வாக்கில். இந்தத் தடவை எனக்கே தெரிந்தது. தொங்கிய பல்பு ஊஞ்சல் மாதிரி நிதானமாக ஆடியது. டிரம் பேனா ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. சுமத்ராவுக்குப் பக்கத்தில் நியாஸ் தீவு, 8.6. திரள் வந்த இடத்திலிருந்து அது வெகு தெற்கு. ஆனால் அது தெரிய கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் ஊர் மொத்தமும் மேட்டைப் பார்த்து ஓடியது. ஸ்கூட்டரில் நாலு பேர், தலையில் மூட்டை, கையில் மாட்டுக் கயிறு.

வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு நள்ளிரவுக்குமேல் மெஸ் ஆட்களைத் தேடிப் போனேன். மேட்டு ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வலது கணுக்காலில் ஈரத்துணி சுற்றியிருந்தார். காலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறவர் என்பதால் எட்டரைக்கே படுத்துவிடுவார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருக்கிறார். கரண்ட் போய், இருட்டில் தாழ்ப்பாளைத் தடவி, கதவைத் திறந்து ஓடும்போது படியில் விழுந்திருக்கிறார். முற்றத்தில் படுத்திருந்தால் படி ஏது, தாழ்ப்பாள் ஏது.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்:

“ஏன் தம்பி, அவ்வளவு விசில் போயும் மூடி தெறிச்சிருச்சே?”

கடல் வரும் என்று விடியும்வரை காத்திருந்தார்கள், வரவில்லை. நியாஸ் பக்கம் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். போர்ட் பிளேரில் சுளுக்கும் சிராய்ப்பும்தான். அவர் கால் பத்து நாளில் சரியாகிவிட்டது. மறுபடி முற்றத்துக்கே பாயைக் கொண்டுபோனார்.

2012-இல் இத்தாலியின் லாக்குய்லா வழக்கு பத்திரிகையில் வந்தபோது நான் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வியர்த்தேன். அங்கேயும் மாதக்கணக்கில் சிறுசிறு அதிர்வுகள். நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். ஆற்றல் சிறிதுசிறிதாக வெளியேறுவது நல்லதுதான் என்கிற பேச்சு மக்களுக்குப் போனது. 2009 ஏப்ரல் 6 அதிகாலை 6.3 வந்து 309 பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஏழு பேருக்கு ஆறு வருஷத் தண்டனை. 2014-இல் அதில் விஞ்ஞானிகள் ஆறு பேரை மேல்முறையீட்டில் விடுவித்துவிட்டார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை என்று விஞ்ஞானியைச் சிறையில் போடலாமா என்று எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஆத்திரம். நானும் ஆமாம் என்றேன். குக்கர் விசில் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் 2019-இல் மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்துக்குப் போனேன். தஹானு பக்கம் துந்தல்வாடி. 2018 நவம்பரிலிருந்து அங்கே ஒரு திரள். அந்தமானுக்கு நேர் எதிர். எல்லாம் சின்னது, பிப்ரவரி 1 அன்று வந்த 4.1-தான் அதுவரை பெரியது. ஆனால் ஆழம் கம்மி, காலுக்குக் கீழேயே. பிக்கும் எஸ்ஸுக்கும் நடுவே ஒன்றிரண்டு விநாடி. ஆட்டத்துக்கு முன்னால் பாறைக்கு வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் ஆட்களின் தூக்கத்தைக் கொன்றுகொண்டிருந்தது என்றே சொல்லலாம். வாரக்கணக்கில் பனியில் கூடாரத்தில் படுத்தவர்களின் கண்கள் சிவந்திருந்தன. வெளியே ஓடும்போது விழுந்து ஒரு இரண்டு வயதுக் குழந்தை செத்திருந்தது. அங்கேயும் கேட்டார்கள், மராத்தியில். பெருசா வருமா?

வரலாம், வராமலும் போகலாம், எனக்குத் தெரியாது, என்றேன். அவர்களுக்கு முகம் விழுந்தது. பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஓட்டின்மேல் வைத்த கல்லை இறக்குங்கள், கதவுக்கு நேரே கட்டிலைப் போடாதீர்கள், ராத்திரி தாழ்ப்பாள் போடாதீர்கள் என்று சொன்னேன். தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வற்புறுத்திவிட்டேன் போலிருக்கிறது. கூட வந்த பையன் ஜீப்பில் ஏறியதும், “ஏன் சார், திருடன் வந்தா?” என்று கேட்டான்.

2022 ஜூலை முதல் வாரத்தில் அந்தமான் கடலில் மறுபடி ஒரே நாளில் இருபதுக்கு மேல் வந்தன, பெரியது 5. மெஸ் அக்காவின் மகனிடமிருந்து போன். இப்போது மெஸ்ஸை அவன்தான் நடத்துகிறான். பெரியவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன.

“அண்ணா, டிவில போட்டுட்டே இருக்கான். என்னண்ணா இது?”

“கூட்டமா வருது. பெரும்பாலும் இப்படியே வந்து இப்படியே அடங்கிடும். அடங்காமலும் போகலாம்.”

“ரெண்டும் சொன்னா எப்படி?”

“ரெண்டும்தான் தெரியும். அந்த அடுப்படி அலமாரியைச் சுவரோட பிணைச்சாச்சா?”

“பழசு துருப்பிடிச்சுப் போச்சுண்ணா. புதுசு வாங்கியிருக்கேன், இன்னும் அடிக்கல.”

“இன்னைக்கு அடிச்சிரு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் கேட்டான், எத்தனை அங்குல ஸ்க்ரூ வாங்கறது, ஹாலோ பிளாக் சுவர்ல நிக்குமா?