கடல்மல்லையில் மேகம் மூடிய ஒரு காலை

கடல்மல்லை என்கிற மாமல்லபுரத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எல்லாம் வெயிலில் அலைந்து இளநீர் குடித்துவிட்டுத் திரும்பியதுதான். போன ஐப்பசியில் அம்மாவோடு ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாளைச் சேவிக்கப் போன அன்று விடியலிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. மதியம் நடை சாத்தும் வரை நேரம் இருக்கிறதே, முதலில் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிடலாம் என்றாள் அம்மா.

அந்த வெளிச்சத்தில் கோயிலும் கடலும் ஒரே நிறமாக இருந்தன. மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளில் சிலவற்றுக்கு முகமே இல்லை, உப்புக்காற்று தின்றுவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் வெல்லக்கட்டி மாதிரி பொரிந்து கிடக்கிறது. 1,300 வருஷமாகக் கடலோரத்தில் நிற்கிறது, ராஜசிம்ம பல்லவன் கட்டியது. கடலைப் பார்த்த சிவன் சந்நிதியில் பதினாறு பட்டை லிங்கம், பின்சுவரில் சோமாஸ்கந்தர், அதாவது உமையோடும் குழந்தை முருகனோடும் உட்கார்ந்திருக்கும் சிவன். இன்னொரு சிவன் சந்நிதி மேற்கே பார்த்தபடி. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய இடத்தில் பெருமாள் சயனித்திருக்கிறார், எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த கல் இல்லை, அங்கேயே இருந்த பாறையில் செதுக்கிய திருமேனி.

இங்கே பூஜை கிடையாது. வெயில் நாளில் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன், அன்று உள்ளே ஒரே இருட்டு, கண் பழகப் பழகத்தான் முதலில் தோள், அப்புறம் நீண்ட திருமேனி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. "இவருக்கு யாருடா விளக்கேத்துவா?" என்று கேட்டாள் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளே மெல்ல "அன்பே தகளியா" என்று ஆரம்பித்தாள். அன்பை அகலாக, ஆர்வத்தை நெய்யாக, உருகும் மனசைத் திரியாக வைத்து விளக்கேற்றிய பூதத்தாழ்வார் அவதரித்தது இதே ஊரில்தான், அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் ஊருக்குள் நடந்தோம். தலசயனப் பெருமாளுக்கு ஆதிசேஷன் இல்லை, வெறும் தரையில் சயனம். பாற்கடல் பெருமாளுக்குத் தாமரை சாத்தவேண்டும் என்று புண்டரீக மகரிஷி கையால் கடல்நீரை இறைக்க ஆரம்பித்தாராம்; கிழவர் வேஷத்தில் வந்து பசிக்கிறது என்று கேட்ட பெருமாள், ரிஷி சாப்பாடு எடுத்துவரப் போன நேரத்தில் அந்தப் பூக்களைச் சூடிக்கொண்டு மண்ணிலேயே படுத்துவிட்டார். பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டினபோது வலது கையைப் பார்த்தேன், "வா" என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது. உற்சவர் உலகுய்ய நின்றான் கையில் ஒரு தாமரை மொட்டு. நிலமங்கைத் தாயாரையும் சேவித்தோம்.

கூட்டமே இல்லாததால் யாரும் நகரச் சொல்லவில்லை. அம்மா தீர்த்தம், துளசி, சடாரி எல்லாம் ஆனபிறகும் நின்றாள். அதே பாசுரத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, கடைசி வரி வரைக்கும். வெளியே மழை பிடித்திருந்தது.