சம்பளம் ஏறிய செய்தி யார் போனுக்குப் போகிறது?

அடி உதையிலிருந்து வெளியே வந்த பெண்ணுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். முதல் சம்பளம் ஏறியதும் "உங்கள் கணக்கில் வரவு" என்ற எஸ்எம்எஸ் கணவரின் போனில் போய் நிற்கும். பழைய கணக்கில் அவர் நம்பர்தானே இருக்கிறது!

அதனால் முதலில் புது சிம். அடுத்து ஆதார் மையத்தில் போன் நம்பர் மாற்றம். இதற்குக் கைரேகை போதும், வேறு ஆவணம் வேண்டாம். பிறகுதான் வேறொரு வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு. ஆதார் வழி வரும் மானியம், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே போகும்; புதுக் கணக்கோடு இணைக்கச் சொல்லி வங்கியில் தனியாக எழுதிக் கொடுங்கள். நாமினியாக (உங்களுக்குப் பின் பணம் பெறுபவராக) யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

சான்றிதழ்களைக் கணவர் பிடித்து வைத்திருக்கிறாரா? 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், பெண்ணின் உடைமைகளைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

டெல்டாவில் நடவும் அறுவடையும் சில வாரக் கூலிதான், வாடகைக்கு உதவாது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மாதச் சம்பளமும் பிஎஃப்பும் உள்ள வேலையாகப் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்றும் கேளுங்கள்.