நியூபரிபோர்ட்டில் இருந்த சிறிய ஓர்கன்

வட்டுக்கோட்டையில் படித்த எங்களுக்கு நியூபரிபோர்ட் என்ற பெயர் சிறுவயதிலேயே மனப்பாடம். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் அந்தத் துறைமுகத்திலிருந்து 1815 ஒக்டோபரில் ‘டிரையட்’ என்ற பாய்க்கப்பலில் புறப்பட்ட மிஷனரிமார் மறு ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, டானியல் பூர் தெல்லிப்பழையிலும் பெஞ்சமின் மெய்க்ஸ் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கியதையும், 1823இல் செமினறி என்ற உயர்கல்விக் கூடம் எழுந்ததையும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சொல்வார்கள். அவர்கள் கப்பலேறிய காலத்தில் அவ்வூரின் புனித பவுல் ஆலயத்தில், அப்போதே நூறாண்டைக் கடந்த குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் ஒரு சிறிய குழாய் ஓர்கன் இருந்தது என்பதை நான் அமெரிக்காவில் குடியேறிய பின்னரே அறிந்தேன்.

அதனை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவர் பொஸ்டன் வணிகர் தோமஸ் பிரற்றில். ஹார்வர்ட் கல்லூரியின் பொருளாளராக இருந்த அவர், மசாசூசெட்ஸின் சேலம் ஊரில் பலர்மீது சூனியக் குற்றம் சுமத்தி 1692இல் நடந்த வழக்குகளைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர் என்பதாலேயே என் மதிப்புக்குரியவர். 1713இல் அவர் மறைந்தபோது, தாம் நிலம் கொடுத்து உருவாக உதவிய பிரற்றில் தெரு ஆலயத்துக்கே அந்த ஓர்கனை உயிலில் எழுதிவைத்திருந்தார். வழிபாட்டில் வாத்தியம் கூடாது என்ற, கடும் புரட்டஸ்தாந்துப் பிரிவான பியூரிட்டன் மரபில் ஊறிய சபையாரோ அதை ஏற்க மறுத்தனர். அவர்கள் மறுத்தால் யாருக்கு என்பதையும் சொல்லியிருந்த உயிலின்படி அது அங்கிலிக்கன் ஆலயமான கிங்ஸ் சப்பலுக்குச் சென்று, அங்கும் சில மாதங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்து, 1714இல் ஒலிக்கத் தொடங்கியது. அதை வாசிப்பதற்கென்றே எட்வர்ட் என்ஸ்டன் என்பவரை இங்கிலாந்திலிருந்து அழைக்க வேண்டியிருந்தது.

1756இல் கிங்ஸ் சப்பலுக்குப் பெரிய புதிய ஓர்கன் வந்தது. பழையதை நியூபரிபோர்ட் ஆலயம் வாங்கி எண்பது ஆண்டுகள் வைத்திருந்து, 1836இல் நியூ ஹாம்சயரிலுள்ள போர்ட்ஸ்மவுத் நகரின் புனித யோவான் ஆலயத்துக்கு விற்றது.

இத்தனை இடமாற்றத்தையும் தாங்கியதற்கு அதன் சிறுமையே காரணம் என்பது என் எண்ணம். ஒரேயொரு விசைப்பலகை கொண்ட இத்தகைய ஓர்கனில், குழாய்கள், அவற்றுக்குக் காற்றை அனுப்பும் காற்றுப்பெட்டியின் மேலுள்ள துளைகளில் தம் எடையாலேயே நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்து, வைக்கோலுக்குள் பொதிந்து, துருத்தியுடன் வண்டியிலோ படகிலோ ஏற்றிவிடலாம். சுவரோடு சுவராக அமைக்கப்படும் பேரோர்கனை அப்படிக் கொண்டுபோக முடியாது. பெரிய சபை கைவிட்டதை விரும்பி வாங்கும் சிறிய சபைகளும் அடுத்தடுத்துக் கிடைத்தன.

வெளிப்புற மரக்கூடு பிற்காலத்தில் மாற்றப்பட்டாலும், பழைய காற்றுப்பெட்டியும் குழாய்களில் பலவும் இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கின்றன. மிஷனரிமார் புறப்பட்ட துறையைக் காண நியூபரிபோர்ட் செல்லும் நம் பழைய மாணவர்கள், வடக்கே இன்னும் ஏறத்தாழ இருபது மைல் சென்று இந்த ஓர்கனையும் அவசியம் பார்த்துவர வேண்டுகிறேன்.