எழுதாமல் விட்ட குற்றங்கள்

"அப்போ அவர் செஞ்சது எதுவும் எங்கேயும் எழுதியிருக்காதா, தம்பி?"

"இருக்காதுக்கா. அதுதான் நல்லது."

மணவிலக்குக்காக வக்கீலிடம் வந்த அக்காவுக்கு நான் சொன்ன பதிலின் முதல் பாதி சட்டம். சிங்கப்பூரில் திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டமான மாதர் சாசனத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, கணவனும் மனைவியும் ஒப்புக்கொண்டால், கள்ளத்தொடர்பு, கொடுமை, கைவிட்டுப் போனது என்று யார்மேலும் பழி சொல்லாமலே மணவிலக்குக் கேட்கலாம். மணவாழ்க்கை ஏன் முறிந்தது, சேர்ந்திருக்க என்ன முயன்றார்கள், பிள்ளைக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று சொல்ல வேண்டும். சேர்ந்து வாழ இன்னும் வழியிருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால் மறுத்துவிடுவார். வக்கீல் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது மட்டும்தான் என் வேலை. பின்பாதி நானாகச் சேர்த்தது.

பழைய மனுக்களைத் தட்டச்சு செய்தவனுக்கு அது வாயில் வராமல் இருக்காது. ஒருவர் பத்தி பத்தியாகக் குறை எழுதினால் மற்றவர் அதைவிட நீளமாகப் பதில் எழுதுவார். குழம்பில் உப்புக் கூடியதுகூட வரும். அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் பேச்சை நிறுத்திய பிள்ளைகளைத் தெரியும். 2014இல் குடும்பநீதி நீதிமன்றங்களை அமைத்ததும், சமரசம், ஆலோசனை என்று வழக்கின் போக்கை மாற்றப் பார்ப்பதும் இதற்காகத்தானே? நான் அந்தப் பக்கம்தான்.

ஆனால் அந்த அக்கா சண்டைக்கு வரவில்லை. வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டிலோ, மத்திய சேமநிதி என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பிலோ கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. (குறைகளை எழுதினாலும் பங்கு பெரும்பாலும் கூடாது என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.) சொந்தபந்தம் முன்னால் காலமெல்லாம் வாங்கிய வசவை வெளி ஆள் ஒருவர் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார் என்றதும், "அவருக்கென்ன, சுலபமாத்தான் இருக்கும்" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

யாரும் வற்புறுத்தவில்லை. பழைய வழியும் திறந்துதான் இருக்கிறது. வக்கீல் அதையும் சொன்னார், நானும் தமிழில் சொன்னேன். எந்தக் குரலில் சொன்னேன் என்பதுதான் நினைவில்லை.

"மனக்குறையைக் கொட்ட கோர்ட்டு என்ன கோயிலா?" என்கிறார் உடன் வேலை பார்க்கும் அம்மா. நியாயம்தான். ஆனால் கோயிலில் கொட்டியதை யாரும் கணவருக்கு அனுப்பிவைப்பதில்லையே.

இப்போதெல்லாம் வக்கீல் வாய் திறந்து சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பெரும்பாலோர் புதிய வழியையே கேட்கிறார்கள். நான் ஒன்றும் சேர்க்காமல் இருந்திருந்தாலும் அந்த அக்கா அதையேதான் கேட்டிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.