மூன்று பேர், எட்டுப் பாத்திரங்கள்: கிரேக்க முகமூடி செய்து பார்த்த அனுபவம்

அரசி யொகாஸ்டாவின் முகமூடி காய்ந்து, வெள்ளையும் பூசியாயிற்று, முடி ஒட்டுவதுதான் பாக்கி. ஆட்டுமேய்ப்பனுடையது இன்னும் ஈரமாக இருக்கிறது. பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ஈடிபஸ் மன்னன் நாடகத்தில் எட்டுப் பேர் பேசுகிறார்கள். அந்த எட்டையும் மூன்றே நடிகர்கள் எப்படி நடித்திருப்பார்கள் என்று பார்க்கத்தான் இதெல்லாம்.

பழைய ஏதென்ஸில் மேடையேறிய முகமூடி ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. துணி, மரம், தக்கை என்று மக்கிப்போகிற பொருளில் செய்தவை, எப்படி மிஞ்சும்? சாடிகளில் வரைந்த ஓவியங்களை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ப்ரோனோமோஸ் சாடி (சுமார் கி.மு. 400) நல்ல துணை. அதில் நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முகத்தை மட்டும் மறைக்கிற தட்டு இல்லை அது, முடியோடு சேர்த்துத் தலை முழுவதும் மாட்டுவது. நாடகக் குழுக்களின் சின்னங்களில் வருகிற அகலத் திறந்த வாய், கோபுரம் மாதிரி கொண்டை எல்லாம் பிற்காலத்துச் சமாச்சாரம். கி.மு. 5-ம் நூற்றாண்டு முகங்கள் அமைதியானவை, வாய் கொஞ்சமாகத்தான் திறந்திருக்கும். பெண் முகத்துக்கு வெள்ளை, ஆண் முகத்துக்குக் கறுப்புக் கலந்த நிறம். நடித்ததெல்லாம் ஆண்கள்தான் என்பதால் இந்த நிறம்தான் தூரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு முதல் அடையாளம்.

செய்முறை இதுதான். என் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகக் களிமண்ணில் ஒரு தலை, மேலே தேங்காய் எண்ணெய். லினன் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, சுடச்சுட வச்சிரத்தில் முக்கி அடுக்கடுக்காக ஒட்டினேன் (விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் பசை, தச்சர்கள் பயன்படுத்துகிற அதே வச்சிரம், வீட்டில் காய்ச்சினால் அடுத்த வீட்டுக்காரரும் விசாரிக்க வருவார்). காய்ந்தபின் பின்தலையில் ஒரு கீறல் போட்டு உரித்தெடுத்து, கீறலைத் தைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடி கலந்த வச்சிரம் பூசித் தேய்த்தால் முகம் வழவழவென்று வந்துவிடுகிறது. மூச்சுக்காற்றின் ஈரத்தில் வாய்ப்பக்கம் இளகும் என்பதால் உள்ளே பிரெஞ்சு பாலிஷ் (மரச்சாமானுக்குப் பூசும் அரக்குக் கரைசல்) ஒரு கை. இது என் ஏற்பாடு, ஏதென்ஸ்காரர்களுடையது அல்ல.

மாட்டிக்கொண்டு பேசினால்தான் பல விஷயங்கள் புரிகின்றன. காது மூடிவிடுவதால் என் குரல் எனக்கே அண்டாவுக்குள் பேசுவதுபோல முழங்குகிறது, எதிரில் இருப்பவர் குரல் மங்கிவிடுகிறது. முகமூடி ஒலிபெருக்கி போல வேலை செய்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடியின் அந்தக் கோடியில் நின்ற நண்பருக்குச் சத்தம் அதிகமாகவே இல்லை, வார்த்தைகளை நிறுத்தி நிறுத்திச் சொன்னபோதுதான் தெளிவாகக் கேட்டது. கண்ணுக்கு விட்ட துளை சின்னது, காலடி தெரியாது, யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் தலையோடு திரும்ப வேண்டும். "இதோ கிரியோன் வருகிறான்" என்று இந்த நாடகங்களில் வருகிறவரை அடிக்கடி வாய்விட்டுச் சொல்வது படிக்கும்போது அசட்டுத்தனமாக இருக்கும். முகமூடிக்குள் இருந்து பாருங்கள், அந்த வரி இல்லாமல் நடிகனுக்கே யார் வருகிறார் என்று தெரியாது.

சரி, மூன்று நடிகர்கள் கணக்கு. டயோனிசஸ் கடவுளுக்குக் கூட்டமாகப் பாடி ஆடிய பாட்டிலிருந்து, அதை முன்நின்று நடத்தியவர்கள் வழியாகத்தான் சோக நாடகம் பிறந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். பாட்டுக் கூட்டத்திலிருந்து தனியே வந்து பேசிய முதல் ஆள் தெஸ்பிஸ் என்பது மரபு, கி.மு. 534 வாக்கில். இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தவர் எஸ்கிலஸ், மூன்றாவது சோபோக்ளிஸ். சோக நாடகத்தில் நடிகர் எண்ணிக்கை அதோடு நின்றுவிட்டது. கோரஸ், அதாவது அந்தப் பாட்டுக் கூட்டம், மட்டும் 12 பேரிலிருந்து 15 ஆனது.

நானும் இரண்டு நண்பர்களும் பாத்திரங்களைப் பிரித்தோம். ஈடிபஸ் கிட்டத்தட்ட முழுக்க மேடையில் இருப்பதால் அவனுக்கு ஒரு ஆள் போய்விடுகிறது. முதல் காட்சியில் பூசாரியும் யொகாஸ்டாவின் சகோதரன் கிரியோனும் சேர்ந்து நிற்கிறார்கள், அப்புறம் கிரியோனும் யொகாஸ்டாவும், அதனால் பூசாரி, யொகாஸ்டா ஒருவருக்கு, கிரியோன் இன்னொருவருக்கு. குருட்டு ஞானி டைரீசியஸை யாரிடம் கொடுத்தாலும் சரிதான், நாங்கள் கிரியோன்காரரிடம் கொடுத்தோம்.

நாடகத்தின் முடிச்சு அவிழும் பகுதிக்கு வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கொரிந்திலிருந்து தூதன் வரும்போது ஈடிபஸும் யொகாஸ்டாவும் மேடையில் இருக்கிறார்கள், ஆக தூதன் கிரியோன்காரர்தான். தன் கணவன் ஈடிபஸ், தான் பெற்றுக் கைவிட்ட குழந்தைதான் என்ற உண்மை புரிந்துவிட்ட யொகாஸ்டா, இதற்கு மேல் விசாரிக்காதே என்று கெஞ்சிவிட்டு உள்ளே ஓடுகிறாள். கோரஸ் 24 வரி பாடுகிறது. உடனே ஆட்டுமேய்ப்பனை இழுத்து வருகிறார்கள். ஈடிபஸும் தூதனும் மேடையிலேயே இருப்பதால் மேய்ப்பனாக வர யொகாஸ்டாவாக நடித்தவரைத் தவிர வேறு ஆளே கிடையாது! அந்த 24 வரிக்குள் முகமூடி மாற்றிவிடலாம், எங்கள் நண்பர் மாற்றிக் காட்டினார், அங்கியைக் கழற்றுவதுதான் சள்ளை.

மாற்றிக்கொண்டு வந்தவரிடம் ஈடிபஸ் கேட்கிறான், அந்தக் குழந்தையை உன்னிடம் அவளா (யொகாஸ்டாவா) கொடுத்தாள் என்று. ஆமாம் அரசே என்கிறான் மேய்ப்பன். குழந்தையைக் கொடுத்தவளும் வாங்கியவனும் ஒரே உடம்பு, ஒரே குரல். சற்றுமுன் வாயை அடைத்துக்கொண்டு ஓடிய யொகாஸ்டாவின் குரலே வேறு முகத்தோடு திரும்பி வந்து ஒப்புக்கொள்கிறது. சோபோக்ளிஸ் இதைத் தெரியாமல் எழுதினார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பார்த்தவர்களுக்குக் குரல் தெரிந்திருக்குமா என்று நண்பர் கேட்டார். கி.மு. 449 வாக்கிலிருந்து சோக நாடகத்தில் தலைமை நடிகருக்குத் தனியாகப் பரிசு கொடுத்த ஊர் அது, நடிகரைக் கவனிக்காத கூட்டமாக இருந்திருக்காது.

அப்புறம் யொகாஸ்டா தூக்குப்போட்டுக்கொண்டதை வந்து சொல்லும் தூதனையும் அதே நண்பருக்கே கொடுத்துவிட்டோம். இங்கே கட்டாயம் இல்லை, கிரியோன்காரரும் செய்யலாம். ஆனால் செத்தவள் கதையை அவள் குரலிலேயே கேட்பது இன்னும் பயங்கரமாக இருக்கிறது.

அடுத்த வேலை ஈடிபஸின் இரண்டாவது முகம். கண்ணைக் குத்திக்கொள்வது மேடையில் நடப்பதில்லை, உள்ளே நடந்து முடிந்து அவன் வெளியே வருகிறான், முகமூடியை மாற்ற அதுதான் தோதான நேரம். கண்குழிகளைக் கருப்பாக்கி, கன்னத்தில் வழிய காவியும் அரக்குச் சிவப்பும் கலந்து பார்க்கிறேன். நடிப்பவருக்குத் துளை வேறு எங்காவது விட வேண்டும், மூக்கோரத்தில் விடலாமா என்று யோசனை.