பெயர் சொல்லி மன்றாடுவோம்: அரண்மனைக்காரன் தெருவிலிருந்து பரங்கிமலை வரை

நீதிக்கும் சமாதானத்துக்குமான திருப்பயணத்துக்கு வாருங்கள் என்று 2013-இல் தென்கொரியாவின் பூசானில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் சபைகளை அழைத்தது. சென்னைப் பங்குகள் அதை ஒரே நாளில், உள்ளூரிலேயே செய்யலாம். ஏற்ற நாள் ஏப்ரல் 24. 1915-இல் அன்றுதான் இன்றைய துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனியச் சமுதாயத் தலைவர்களைக் கைதுசெய்யத் தொடங்கியது. அதைத் தொடர்ந்த ஆர்மீனிய இனப்படுகொலையின் நினைவுநாளாக உலகெங்கும் ஆர்மீனியர் அந்நாளைக் கடைப்பிடிக்கிறார்கள்.

உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி அரண்மனைக்காரன் தெருவுக்கு நடந்துவிடலாம். அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தால் புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு வரும் கூட்டத்தில் தெரு நிரம்பிவிடும். முந்தின நாளே போய்விடுவது நல்லது. தூய மரியன்னை ஆர்மீனியக் கோவில் 1772-இல் கட்டியது. ஆறு மணிகள் கொண்ட மணிக்கூண்டு தனியே நிற்கிறது. சபை மக்கள் இல்லாததால் வழக்கமான வழிபாடு கிடையாது. பராமரிப்பு கொல்கத்தா ஆர்மீனியர்களுடையது. ஆகவே திருப்பலி, ஒலிபெருக்கி என்றெல்லாம் திட்டமிட வேண்டாம். காவலரிடம் சொல்லிவிட்டுச் சிறு குழுவாக அமர்ந்து மெல்லிய குரலில் ஜெபியுங்கள். மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தரையில் பதித்த கற்கள் எல்லாம் கல்லறைகள், பார்த்து நடக்க வேண்டும். உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794-இல் இந்நகரில் அச்சிட்ட அருட்தந்தை ஹருத்யுன் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கேதான்.

இங்கே பலரும் தவறுவது மன்றாட்டில். ‘அவர்கள் ஆன்மா இளைப்பாறட்டும்’ என்று தொடங்கிவிடுகிறோம். 2015 ஏப்ரல் 23 அன்று தன் தலைமையிடமான எச்மியாட்சினில் ஆர்மீனியத் திருச்சபை அந்தப் படுகொலையில் மாண்டவர்களைப் புனித மறைசாட்சிகளாக அறிவித்தது. அதன்பின் அவர்களுக்காக இறந்தோர் மன்றாட்டு இல்லை. அவர்களிடம்தான் பரிந்துரை கேட்கிறார்கள். நாமும் அப்படியே கேட்கலாம், 2023 செப்டம்பரில் அசர்பைஜான் கைப்பற்றிய நாகோர்னோ-கராபக்கை விட்டு வெளியேறிய லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்களுக்காக.

கொடுமையை அதன் பெயரால் அழைக்கத் திருச்சபைக்குத் துணிவு வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஏப்ரல் 12 அன்று இதை இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை என்றார். அன்றே துருக்கி வத்திக்கானிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ‘உலக சமாதானத்துக்காக’ என்ற ஒற்றை வரிக்கு யாரும் தூதரைத் திரும்ப அழைப்பதில்லை.

அடுத்தது பரங்கிமலை. ஆலந்தூரில் ரயில் மாற வேண்டும். வழியில், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் முதல் பாலத்தைத் தன் செலவில் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரோஸ் ஊஸ்கான். மலைப்படிகளும் அவர் கொடுத்தவையே. ஏப்ரல் வெயிலில் மாலை 4 மணிக்கு முன் ஏறாதீர்கள்; கல் சுடும். முதியோருக்கு வாகனச் சாலை உண்டு.

படிவழியில் சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. பதினான்குக்கும் பதினான்கு நாடுகளைச் சொல்லிப் போனால் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும், ஒன்றும் மனத்தில் தங்காது. மூன்று போதும். நான்காம் நிலையில் இயேசு தாயைச் சந்திக்கிறார்: அங்கே, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் ஈழத் தாய்மார். எட்டாம் நிலையில் எருசலேம் மகளிரிடம் ‘உங்களுக்காகவும் உங்கள் மக்களுக்காகவும் அழுங்கள்’ என்கிறார் (லூக்கா 23:28): அங்கே காசாவின் குழந்தைகள். பதினான்காம் நிலை அடக்கம்: சிரியாவின் டேர் எஸ்ஸோர் பாலைவனத்தில் கல்லறையின்றிக் கிடந்த ஆர்மீனியர். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் பேச்சில்லாமல் நில்லுங்கள். மேலே, 1547-இல் கண்டெடுத்த கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது, வணங்கி முடிக்கலாம்.

எழுதிய மன்றாட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பங்கின் வழிபாட்டுக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு திருப்பலியின் பொது மன்றாட்டில் திருச்சபையின் தேவைகளுக்கு அடுத்த இடம் ஆட்சியாளருக்கும் உலக மக்களின் மீட்புக்கும் உரியது, மூன்றாவது, துன்புறுவோருக்கு. பொதுவாகப் பின் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறோம். பிரித்து எழுதினால் ஆள்வோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று, அடிபட்டவருக்காகக் கேட்க வேண்டியது வேறொன்று என்பது வாசிப்பவருக்கே தெளிவாகும்.