மூன்று ஹரியட்டுகள்

"பிள்ளை, நீ பொஸ்டனிலைதானே இருக்கிறாய். ஹரியட் அம்மாவுக்கு அங்கை சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு பார்த்துச் சொல்லன்."

யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பாடசாலையின் 200ஆவது ஆண்டு வந்த 2024இல் பெரியம்மா கேட்டது இவ்வளவுதான். பெரியம்மா, அம்மம்மா எல்லாரும் படித்த பாடசாலை அது. 1824இல் அதைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோவின் வம்ச மரத்தை இரண்டு கிழமையில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எட்டு மாதம் போனது.

முதல் அடி குடிசன மதிப்பீட்டில் விழுந்தது. அமெரிக்காவில் 1850க்கு முந்திய கணக்கெடுப்புகளில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். பெண்களும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கைதான். ஹரியட் 1796இல் கனெக்டிகட் மாநிலத்து நோர்விச்சில் பிறந்தவர். மிஷனரி மனைவியாக 1819இல் இலங்கைக்குக் கப்பலேறி, 1833இல் உடுவிலிலேயே இறந்துவிட்டார். அதாவது அவருடைய சொந்த நாட்டின் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பெயர் இல்லை. இது புரிவதற்குள் மூன்று வார இறுதிகள் வீணாகிவிட்டன.

சரி, பிறப்புப் பதிவையே நேரில் பார்ப்போம் என்று லீவு போட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டிக்கொண்டு ஓர் ஆவண அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிரவில்லை. பழைய புத்தகத்தைக் கையில் தரமாட்டோம், மைக்ரோஃபிலிமில்தான் பார்க்க வேண்டும் என்றார். மைக்ரோஃபிலிம் எந்திரம் பழுது. எப்போது சரியாகும் என்றேன். "தெரியாது" என்ற ஒரு சொல்தான் பதில். முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோது எந்திரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேடியது வீட்டிலேயே இருந்தது. நோர்விச்சின் 1659 முதல் 1848 வரையான பதிவுகள் 1913இலேயே அச்சாகிவிட்டன, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆகவே, இப்படித் தேடுகிற எவரும் காரை எடுப்பதற்கு முன் அந்த ஊர்ப் பதிவு அச்சில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் எழுத்துகளையும் மாற்றி மாற்றித் தேடுங்கள். ஹரியட் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் லேத்ரொப். லேத்ரொப், லோத்ரொப் இரண்டும் ஒரே குடும்பம். 1634இல் பொஸ்டன் வந்திறங்கிய ஜோன் லோத்ரொப் என்ற போதகரின் வழியினர்.

பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான். இணையத்தில் யாரோ போட்டிருந்த வம்ச மரத்தை நம்பிப் பிரதி எடுத்தேன். அதில் ஒரே ஹரியட்டுக்கு இரண்டு கணவர், இரண்டு இறப்பு ஆண்டு: 1833, 1837. ஒரு முழு மாதம் குழம்பினேன். சாள்ஸ் லேத்ரொப், ஜொஆனா லெஃபிங்வெல் தம்பதியர் தங்கள் மகள்களில் இருவருக்கு ஹரியட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! மூத்தவர் ஹரியட் வாட்ஸ்வேர்த், எங்கள் வின்ஸ்லோ அம்மா. இளையவர் ஹரியட் ஜொஆனா. அவர் பெரி என்ற மிஷனரியை மணந்து, அக்காவைப் போலவே இலங்கைக்கு வந்து, 1837இல் இறந்தவர். அக்காவின் மகளுக்கும் ஹரியட் என்றே பெயர். இரண்டாம் பெயரை விட்டுவிட்டு ஒரு வரிகூடக் குறிக்காதீர்கள்.

இன்னொன்று, ஹரியட் அம்மாவின் கணவர், தமிழ் அகராதி தொகுத்த மைரன் வின்ஸ்லோ ஐந்து முறை மணம் செய்தவர். அதனால் பிள்ளைகளைத் தாய் மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த ஆண்டையும் 1833உடன் ஒப்பிட்டுத்தான் பிரித்தேன்.

அப்படிப் பிரித்ததில்தான் ஹரியட் என்ற அந்த மகள் கிடைத்தார். அவர் சென்னையில் ஊழியம் செய்த ஜோன் வெல்ஷ் டலஸின் மனைவி. இவர்களின் மகன் அலன் மேசி டலஸ். அவருடைய பிள்ளைகள்தான் 1950களில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜோன் ஃபொஸ்டர் டலஸும், சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த அலன் டலஸும். இரவு ஒரு மணிக்கு எழுந்து நின்று கைதட்டினேன்.

அடுத்த நாள் பெரியம்மாவை அழைத்துச் சொன்னேன். டலஸ் சகோதரர்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஹரியட்டின் தங்கைகள் எலிசபெத், சார்லட், ஹரியட் ஜொஆனா மூவரும் அக்காவுக்குப் பின்னால் மிஷனரி மனைவியராக எங்கள் பக்கம் கப்பலேறியவர்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

"நாலு பேரின்ரை பேரையும் பெரிய எழுத்திலை எழுதி அனுப்பு பிள்ளை" என்றார் பிறகு. "எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியிறேல்லை."